அம்மா வேறு வட்டலில் சாப்பிட்ட மழைக்காலம்

டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறிய ஒரு மழைக்காலம் அது. தொண்ணூறுகளில் நாங்கள் உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் வாந்திபேதி பரவி, சிலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அதன்பிறகு அந்தச் சந்துக்காரர்கள் யாரையும் எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்றிருந்த அந்த வீடுகள் பட்டினியில் விழுந்தன.

அம்மா அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கி, எங்கள் ஊரில் 'தூக்குப்போசி' என்கிற பெரிய தூக்குவாளி நிறைய எடுத்துப்போனாள். ஆனால் எங்கள் பக்கத்து மரியாதை லேசில் விடுமா? கண் இருட்டிக்கொண்டு வந்த பசியிலும், "இப்பத்தானுங்க சாப்ட்டோம், நீங்க சாப்பிடுங்க" என்றே வீட்டுக்கு வீடு சொன்னார்கள். முதல் நாள் சோறு அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் அம்மா, "எனக்கும் பசிக்குதுங்க, தனியாச் சாப்பிடப் புடிக்கலீங்க, வட்டல எடுங்க" என்று அவர்கள் வீட்டுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கூடச் சாப்பிட வந்தவளை விட்டுவிட்டு எழ யாருக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்கு இரண்டு வாய் என்று அவளும் சாப்பிட, அவர்களும் சாப்பிட்டார்கள்.

ஊரே அவளை மெச்சியது. எனக்கோ வயிறு எரிந்தது. அப்பா மில்லில் இரண்டாம் ஷிப்ட் போகும் நாட்களில் அம்மாவும் நானும் ஒரே 'வட்டலில்', அதாவது ஒரே தட்டில், சாப்பிடுவதுதான் வழக்கம். இப்போது என் சோறு மட்டும் மூடி போட்டுக் காத்திருந்தது. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். என் வகுப்பில் படித்த செல்வியின் உள்ளங்கையில் அம்மா சோற்றை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு வைப்பதுபோலவே. செல்வியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளை யோகக்காரி என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா கிளம்பியபோது, "எனக்குச் சோறு வேண்டாம், இப்பத்தான் சாப்ட்டேன்" என்றேன். அத்தனை வீட்டுப் பொய்யையும் பிடித்தவளுக்குப் பெற்ற மகளின் பொய்யா தெரியாது? போசியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு உட்காருவாள் என்று நம்பினேன்.

"சரி கண்ணு, கதவச் சாத்திக்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வீம்புக்குச் சாப்பிடாமலேயே தூங்கிப்போனேன்.

அந்தச் சந்து இன்று இல்லை; நாலு மாடி வீடுகளும் கார்கள் நிற்கும் கொட்டகையுமாக இருக்கிறது. செல்வியின் அம்மா பிழைத்து வந்தபின் அவர்கள் மதுக்கரைப் பக்கம் குடிபோனதாகக் கேள்வி. வீட்டுக்கு வீடு போய்ச் சம்மணமிட்டு உட்கார அம்மாவின் முழங்காலும் இப்போது விடுவதில்லை. போன மாதம் பேச்சுவாக்கில் அந்தப் பொய்யை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கே தெரியும் கண்ணு. நம்மூட்டுல சோறு இருந்துச்சு, பசிச்சா நீ போட்டுத் திம்பே. அந்தப் புள்ளைக்கு நான் போனாத்தானே சோறு?"

இத்தனை வருடமும் அம்மா ஏமாந்துபோனாள் என்று நினைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் போயிருக்கிறாள். அவள் செய்தது சரி. அதில் எனக்கு மறுபேச்சில்லை. செல்வி மேல் இருந்த எரிச்சல் மட்டும் அன்றைக்கு இருந்ததைவிடக் கூடிவிட்டது.