பருத்தி இலைக்கு ஐஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு விதைக் கம்பெனியின் பசுமைக் குடிலில் பருத்திச் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆராய்ச்சிக்கு வந்த மேடம் சின்னப் பெண், மதுரைப் பக்கம். என்னை அண்ணே என்பார். வந்ததும் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். வாடும்போது இலை பறிக்க வேண்டுமாம்.

"ஜீனெல்லாம் குடும்பம் குடும்பமா இருக்குண்ணே. அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. தண்ணி இல்லாதப்ப அதுல எவன் எந்திரிச்சு வேலை பாக்குறான்னு தெரியணும்."

நான் தலையை ஆட்டினேன்.

பறித்த இலைகளைப் பொட்டலம் கட்டி, சாதா ஃபிரிட்ஜைவிடப் பல மடங்கு குளிரும் ஒரு பெட்டியில் வைத்திருந்தார். உருகினால், எந்த ஜீன் வேலை பார்த்தது என்று காட்டும் சரக்கு இலைக்குள்ளேயே சிதைந்துவிடுமாம். செடிகளைப் பிடுங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் அவருக்கு இங்கே வேலை முடிகிறது. மறுபடி வளர்க்க நாள் இல்லை.

அப்போதுதான் புயல் வந்தது. கரண்ட் போயிற்று. ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மறுநாள் காலை பெட்டியின் குளிர் குறைந்துகொண்டே வந்தது.

"சென்னையிலேர்ந்து எலைய எடுத்துட்டுப் போக வண்டி அனுப்புறேன்னாங்க. ரோட்டுல வெள்ளமாம்ணே" என்று மேடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சொல்லாமல் கிளம்பி, முழங்கால் தண்ணீரில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பழவேற்காட்டு பாய் ஒருவர் உமிக்குள் ஐஸ் வைத்திருந்தார்.

"கடலுக்கே யாரும் போவல. இன்னா மீன் வெச்சிக்கினு ஐஸ் கேக்குற நைனா?"

"மீனில்ல பாய். பருத்தி எலை."

"எலையா? அதையும் கருவாடு போடப் போறியா?" சிரித்துக்கொண்டே சாக்கு நிறைய அள்ளிப் போட்டார்.

தலையில் சுமந்து வந்தேன். முதுகெல்லாம் நனைந்து விறைத்துவிட்டது. மேடம் சாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் குளிருக்கு இது வெந்நீர் மாதிரிண்ணே."

எனக்கு ஐஸைவிடக் குளிர்ந்தது எதுவும் தெரியாது. சாக்கை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மாலை வரை கரண்ட் வரவில்லை, வண்டியும் வரவில்லை. மேடம் பெட்டியைத் திறந்தார். ஒரு பொட்டலத்தை அழுத்திப் பார்த்தார். மெத்தென்றிருந்தது. உருகியது போக மிஞ்சிய ஐஸில் ஒட்டிய உமியைக் கழுவினார். பொட்டலங்களை ஒவ்வொன்றாக அதற்குள் புதைக்க ஆரம்பித்தார்.

ஐஸால் இனி பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் சுமந்து வந்ததற்காகத்தான் செய்கிறார் என்று எனக்கும் தெரியும். விடுங்க மேடம் என்று சொல்ல நினைத்தேன். குனிந்து அடுத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.