கணக்கில் வராத பிள்ளைகள்

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தை எங்கள் எஸ்டேட்டில் பிள்ளை மடுவம் என்போம். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பெயர். நீலகிரியில், நடுவட்டம் ஊருக்குக் கீழே ஓடு வேய்ந்த ஒற்றை அறை, பின்னால் ஒரு அடுப்பு. அங்கே நான் ஆயா. நிரந்தர வேலை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர். மேசைமேல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

“மடுவத்துல இப்ப ரெண்டே பிள்ளைங்க. அதுக்கு ஒரு ஆயா தேவையில்லை. நீங்களே விருப்பப்பட்டு வேலையை விட்டு நின்னுக்கிறதா எழுதியிருக்கு. கையெழுத்துப் போடுங்க.”

“ரெண்டு இல்லீங்க சார், பதினொண்ணு. இப்பத்தான் கஞ்சி ஊத்திட்டு வர்றேன்.”

“மத்ததெல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க பிள்ளைங்க. அது எஸ்டேட் கணக்குல வராது.”

அவர் சொன்னது ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களின் பிள்ளைகளை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட பிறகு, மலைச்சரிவில் கூடையோடு நிற்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

“அவங்க பறிக்கிற கொழுந்து மட்டும் எஸ்டேட் கணக்குல வருதுங்களே சார்?”

அவர் முகம் மாறியது. “கையெழுத்துப் போடலைன்னா சிரமம் உங்களுக்குத்தான்.”

“எனக்கு விருப்பமில்லீங்க. இல்லாத விருப்பத்தை இருக்குன்னு எப்படிங்க எழுதித் தர்றது?”

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். தைரியமாகத்தான் பேசினேன், ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயம் வீடு வரை கூடவே வந்தது. என் கணவருக்கும் பயம். “நாம இருக்கிற ஊடே அவங்களுது. அதை யோசிச்சியா?” என்றார். யோசித்திருந்தேன். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் காலை மடுவத்தில் பூட்டுத் தொங்கியது. வழக்கம்போல வந்த தாய்மார்கள் திகைத்து நின்றார்கள். “விட்டுட்டுப் போங்க, நான் இருக்கேன்” என்றேன். பூட்டிய கதவுக்கு முன்னால் தார்ப்பாயை விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நீலகிரி மழையில் கைக்குழந்தைகளை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் தூக்கிக்கொண்டு, மற்றவர்களை என் சேலையைப் பிடித்து வரச்சொல்லி, நேராக ஆபீஸ் வராந்தாவுக்கு நடந்தேன்.

ஆபீஸே அமளியானது. ஒரு பயல் மேனேஜரின் குடையை இழுத்துக்கொண்டு ஓடினான். ஒருத்தி கால்மிதிமேலேயே ஒன்றுக்குப் போனாள். கிளார்க் ஓடிவந்தார்.

“என்னம்மா இது? இது ஆபீசும்மா!”

“மடுவத்தைத் திறந்து விடுங்க சார், போயிடறோம்.”

மேனேஜர் கதவைத் திறந்து பார்த்தார். உடனே மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் சாவி வந்தது.

ஆனால் அடுத்த நாள் உள்ளே வேறு ஒரு பெண் இருந்தாள். கான்ட்ராக்டர் கொண்டுவந்து விட்ட சின்னப் பெண். என் கண்ணைப் பார்க்க முடியாமல் நின்றாள். எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை என்றார், எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளரான மேஸ்திரி. என் வேலை தேவையில்லை என்றவர்கள், அதே வேலைக்கு ஆள் வைத்திருந்தார்கள்!

அன்று சாயங்காலம் ஜார்க்கண்டுத் தாய் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அக்கா என்பதற்கு ‘தீதி’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். “தீதி, மேஸ்திரி பேசுது. உன்கூட நின்னா வேலை இல்லை சொல்லுது.”

“நீ என்ன சொன்ன?”

“சாட்சி வேணும்னா கூப்பிடு. நான் வரும்.”

அவளுடைய வேலைக்கு என்னுடையதைவிடப் பிடிமானம் குறைவு. அப்படியும் அவள் அதைச் சொன்ன பிறகு, பின்வாங்குவதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. குன்னூருக்குப் பஸ் ஏறினேன். தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. முழுவதும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

“எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“நல்லது. போட்டிருந்தா நீங்களே விலகினதா ஆயிருக்கும்.” ஆள் தேவையில்லை என்று ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும், முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று விளக்கினார். நிறுத்திவிட்டு அதே இடத்தில் வேறு ஆளை வைத்தால் அந்தக் காரணமே நிற்காது என்றார்.

நான் கொடுத்த புகாரின் பேரில் அதிகாரி கூப்பிட்ட பேச்சுவார்த்தைக்கு மேனேஜரும் வந்தார். மடுவத்தில் வேலையே இல்லை என்றார்.

“இப்ப அங்க பிள்ளைங்களை யார் பார்த்துக்கிறாங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“ஒரு பொண்ணு... தற்காலிகமா.”

“அப்ப வேலை இருக்கு.”

அத்தோடு முடிந்துவிடவில்லை. மாதக்கணக்கில் இழுத்தார்கள். இடையில் வேறு டிவிஷனுக்கு அனுப்புகிறோம் என்றார்கள், விலகிக்கொண்டால் சேர வேண்டிய பணத்துக்கு மேலேயே தருகிறோம் என்றார்கள். என் மடுவம் வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொல்லவில்லை. கடைசியில் அதே வேலையைத் திருப்பித் தந்தார்கள். கான்ட்ராக்ட் பிள்ளைகளும் இருக்கலாம் என்று எழுத்திலேயே ஒத்துக்கொண்டார்கள்.

அந்தச் சின்னப் பெண்ணை எனக்கு உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கான்ட்ராக்டர் அவளை வேறு எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்னும் எனக்கு ஆறாதது அது ஒன்றுதான்.

மேனேஜர் என்னோடு பேசுவதில்லை. காலையில் அவர் ஜீப் மடுவத்தைக் கடக்கும்போது வழியில் நிற்பவர்கள் ஒதுங்கிக் கும்பிடுகிறார்கள். நானும் முன்பு எழுந்து நின்றவள்தான். இப்போது அந்த நேரத்தில் யாருக்காவது கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பேன். எழுந்திருப்பதில்லை.