பனிக்குள் ஒளித்த செய்தி

மச்சாள் என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பறித்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பறித்தார் என்றால் பறித்தார்தான். சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போன என்னை, "விடும், நான் கொளுத்திறன். நீர் போய்ப் பிள்ளையளைப் பாரும்" என்று அனுப்பிவிட்டார். என் கணவரின் அக்கா அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மணப்பெண்ணாக லண்டனில் வந்து இறங்கியபோது, தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு விமான நிலைய வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றவர். கிங்ஸ்பரியில் அவர் வீட்டு மேலறையில்தான் எங்கள் குடித்தனம் தொடங்கியது. தாயில்லாமல் அப்பாவின் கையில் வளர்ந்த எனக்கு, மச்சாளிடம் ஒரு சொல் மறைக்கத் தெரியாது.

சில வருடங்கள் கழித்து, ஒரு நத்தார் (கிறிஸ்மஸ்) விடுமுறைக்கு எங்கள் குடும்பமும் மச்சாள் குடும்பமும் கணவரின் நண்பர் குடும்பமுமாக, வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு பழைய பண்ணைவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். போன இரவே பனி கொட்டத் தொடங்கி, விடிந்து பார்த்தால் ரோட்டைக் காணவில்லை. கொண்டுபோன சாமிப் படத்துக்கு முன்னால் தீப்பெட்டி பறிபோனது அந்தக் காலையில்தான். வீட்டில் தொலைபேசியும் இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நானும் அவர்களோடு பனியில் உருண்டு, வயிறு நோகச் சிரித்தேன். மத்தியானம் எல்லோரும் வான்கோழி சாப்பிட, எனக்கு மட்டும் மச்சாள் சோறும் பருப்பும் வைத்தார். "உமக்கு வயிறு சரியில்லையெண்டு தம்பி சொன்னவன்" என்றார். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு எனக்கு என்று அவருக்குத் தெரியாதா?

பின்னேரம் கணவரின் நண்பர், துப்பறியும் கதைப் பைத்தியம், கொலை விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார். பிணமாகக் கிடக்கும் சீட்டு எனக்கு விழுந்தது. கம்பளத்தில் கண்ணை மூடிக் கிடந்தேன். மேலே ஒரு வெள்ளை விரிப்பையும் போர்த்திவிட்டார்கள். நண்பர் பெரிய எடுப்போடு விசாரணை நடத்தினார்: "இண்டைக்கு ஆர் வழமைக்கு மாறாய் நடந்தது? அவரிலைதான் எனக்குச் சந்தேகம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

விரிப்புக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நானும் யோசித்தேன். தீப்பெட்டியைப் பறித்தவர் மச்சாள். பருப்பு வைத்தவரும் மச்சாள். மாதவிலக்கில்லாத ஒருத்தியைச் சாமிப் படத்துக்குக் கிட்டப் போகவிடாமல், மீன் இறைச்சி என்று மச்சமும் தொடவிடாமல் எங்கள் ஆட்கள் ஏன் வைத்திருப்பார்கள்? துடக்கு, சாவுத்தீட்டு என்றால்தான். அவளுடைய இரத்த உறவில் யாரோ செத்திருக்கவேண்டும்.

எழும்பி உட்கார்ந்தேன். "பிணம் எழும்பக்கூடாது" என்று நண்பர் சிரித்தார்.

"அப்பாவோ, மச்சாள்?" என்று கேட்டேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். நாங்கள் லண்டனில் இருந்து புறப்பட முதலே கொழும்பிலிருந்து செய்தி வந்திருக்கிறது. சண்டை நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் எல்லாம் முடிந்து, அப்பாவை எரித்தும் விட்டார்கள்.

"சொன்னா நீர் என்ன செய்திருப்பீர்? சண்டைக்குள்ளை போக ஏலுமே? பிள்ளையளின்ரை லீவும் குழம்பியிருக்கும். திரும்பிப் போய்ச் சொல்லுவம் எண்டு நான்தான் தம்பியை மறிச்சனான்."

"போக ஏலாதுதான், மச்சாள். அழ ஏலும்."

கணவரை விடுங்கள், அவருக்கு அக்கா சொன்னால் வேதவாக்கு. ஆனால் மச்சாள்? சாமிக்குக் குறை வைக்கக்கூடாதென்று அத்தனை கவனமாக இருந்தவர், எனக்கு மட்டும் பொய் சொன்னார். அப்பா இல்லாத உலகத்தில் என்னைச் சிரிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. பனி விலகும்வரை வெளியே போகவும் வழியில்லை. அவர் ஊற்றிய தேநீரைத்தான் குடித்தேன்.

போன மாரிக் குளிரில் என் கணவர் காலமானார். மச்சாள் அப்போதே முதியோர் இல்லத்தில் இருந்தார். நடக்கமுடியாது, நினைவு மட்டும் தெளிவு. "மாமி, அம்மா தாங்கமாட்டா. சொல்லிப்போடாதைங்கோ" என்றான் அவர் மகன். எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அன்றைக்கே போனேன்.

"தம்பி வரேல்லையோ?" என்றார்.

பக்கத்தில் இருந்து சொன்னேன். அடுத்த வாரம்தான் எடுக்கிறது, அன்றைக்கு உங்களைக் கூட்டிப்போக வாகனம் வரும் என்றும் சொன்னேன். மச்சாள் வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் என் கையைப் பிடித்து, "அண்டைக்கு நான்..." என்று தொடங்கினார்.

"ஓம், மச்சாள்" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.