தலைவர் குடை பிடித்த வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து வீடமைப்புச் சங்கக் கூட்டம் இன்று எங்கள் புது வீட்டில்தான் நடந்தது. கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் கொடுத்த முறைப்பாட்டைப் பேச வந்திருந்தார்கள்.

கூரை போட்டது சங்கத் தலைவரின் மச்சான். முறைப்பாட்டை விசாரித்ததும் அதே மச்சான்.

"போட்டவரே எப்படிங்க விசாரிக்கிறது?" என்று கேட்டேன்.

"அவரை விட யாருக்குங்க அந்தக் கூரையப் பத்தித் தெரியும்?" என்றார் தலைவர்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலைவர் உட்கார்ந்தபடியே குடையை விரித்து, "கூரையில ஒரு குறையும் இல்லைன்னு விசாரணையில தெரிஞ்சிருச்சு" என்று அறிவித்தார். மச்சான் நாற்காலியோடு நகர்ந்து குடைக்குள் வந்துவிட்டார்.

குடை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அது மச்சான் வேலையாக இருக்காது.

அடுத்த கூரையை, யட்டியாந்தோட்டை டவுனில் அந்தக் குடையை விற்ற கடை முதலாளிக்கே கொடுத்துவிடலாமா? என்ன சொல்றீங்க?