இருபத்திரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்

சைகடெலிக் ராக் வாசிக்கிறவனுக்குப் பாதி உயிர் வாசிப்பதில் போகும். மீதிப் பாதி, ‘இது ரிப்பேர் இல்லை, பாட்டே இப்படித்தான்’ என்று புரியவைப்பதில் போகும். யாரும் கேட்காத எதையோ விடாப்பிடியாகச் செய்துகொண்டிருக்கும் சக துன்பவாசிகளே, உங்களுக்கு இது புரியும்.

திருவனந்தபுரத்தில் எங்கள் பேண்டில் மூன்றே பேர். கிட்டார் வாசிக்கும் பிஜு ஸ்கூல் வாத்தியார். டிரம்ஸ் வாசிக்கும் ஷெரின் நர்ஸ். பேஸ் கிட்டார் நான். பகலில், தமிழ் வியாபாரிகள் நிறைந்த சாலைக் கடைவீதியில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் நட்டும் போல்ட்டும் விற்கிறேன். ஊரார் கேட்கும் சினிமாப் பாட்டெல்லாம் வாசிப்போம். எங்களுக்கென்று சொந்தமாக இருப்பது ஒரே ஒரு பாட்டு. பொன்முடி மலைப்பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. பாட்டும் இருபத்திரண்டு நிமிஷம். ஒன்பது வருஷமாக அதை ஒருதடவைகூட ஆட்கள் முன்னால் முடித்திருக்கவில்லை. சாவதற்குள் ஒருமுறையாவது முடித்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் மூவரின் ஆசையாகவும் இருந்தது.

பொன்னாடை

ஒரு ஃபிளாட் அசோசியேஷனின் ஓண விழா. எங்கள் பாட்டில் ஆறாவது நிமிஷத்தில் மூடுபனி இறங்கும். அதாவது, மூன்று பேரும் அரை நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்போம். அந்த நிசப்தத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது என்பது பிஜுவின் கட்சி. நாங்கள் கண்ணை மூடி நின்ற பத்தாவது விநாடியில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தால் கழுத்தில் பொன்னாடை. செயலாளர் சார் மைக்கைப் பிடித்து நன்றியுரையே சொல்லி முடித்துவிட்டார். பாக்கி பதினாறு நிமிஷம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் சாலைக்காரன் என்பதால் தனக்குத் தெரிந்த மலையாளம் கலந்த தமிழிலேயே பாராட்டினார்.

“இப்பத்தெ பிள்ளேர் ஒரு பாட்டு தொடங்கினா இழுத்து இழுத்துக் கொல்லும். நீங்க ஆறே நிமிஷத்துல அழகா நிறுத்தியல்லோ, அதாணு மரியாதை, கேட்டோ!”

உயிர் காத்த உத்தமர்

அப்பாவுக்கு நாகர்கோவில் வகையில் சொந்தக்காரர் ஒருவர், தன் மகளின் கல்யாண ரிசப்ஷனை இங்கே வைத்தார். ‘நம்ம பையன் வாசிக்கட்டும்’ என்றார், பாவம். இந்தமுறை பிஜுவிடம் கெஞ்சி மூடுபனியை ஐந்து விநாடியாகக் குறைத்திருந்தோம். தாண்டிவிட்டோம். பதினோராவது நிமிஷம் அவன் கிட்டாரை ஸ்பீக்கர் முன்னால் காட்டி ஊளையிட வைப்பான். வைத்தான். சட்டென்று எல்லாம் அணைந்தது. மேடைக்குப் பின்னால் இருந்து மைக் செட்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார், கையில் பிடுங்கிய வயர். திருநெல்வேலிக்காரர். பிஜுவின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், தீப்புண் இருக்கிறதா என்று. அவன் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டான். அத்தனை அக்கறையாக விசாரிக்கிற மனுஷரை எப்படித் திட்டுவது?

“பயப்படாதீங்க தம்பி, நான் பாத்துட்டேன், வயரப் புடுங்கிட்டேன். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா ஷாக்கடிச்சு மூணு பேரும் போயிருப்பிய.”

அப்பாவின் காது

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மாடியில் இருக்கும் கோடவுனில்தான் எங்கள் பிராக்டீஸ். அந்த நேரத்தில் அப்பா கீழே தனியாக உட்கார்ந்து கலந்துபோன ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பார். பாட்டைப் பற்றி ஒன்பது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிடிக்கவில்லை என்றே நானும் நினைத்திருந்தேன்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு, வாசிக்கத் தொடங்குமுன் ஷெரின் சொன்னாள்: அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது, ஜனவரிக் கடைசியில் கிளம்புகிறாள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனால் அவளில்லாமல் அந்தப் பாட்டு இல்லை. பாட்டை முழுக்க வாசித்தோம். அவர்கள் போனபின் நான் கீழே இறங்கினேன். அப்பா ஸ்க்ரூவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“டே, அந்தப் பிள்ள பதினாலாவது நிமிஷத்துல ஒரு அடி விட்டுட்டா. அவ எப்பவும் விடமாட்டாளே, அவளுக்கு என்னடே கஷ்டம்?”

எண்ணெய்

பொன்முடி எஸ்டேட்டில் பைப் வேலை பார்க்கும் அண்ணாச்சி எங்கள் கடை வாடிக்கை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பொங்கல் விழாவுக்கு எங்களை அழைத்தார். ஷெரினோடு கடைசி நிகழ்ச்சி. பிஜு ஒரு முடிவோடு வந்திருந்தான். ஸ்கூலில் கழித்துப்போட்ட பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் மேல் கண்ணாடித் தட்டை வைத்து, தேங்காயெண்ணெயும் சாயத் தண்ணீரும் ஊற்றி ஆட்டினால் திரை முழுக்க வண்ணம் மிதக்கும். ஊரில் ஒத்திகை பார்த்தபோது அற்புதமாக வந்தது. ஆனால் இது ஜனவரி மாதத்துப் பொன்முடி. மலையேறியதும் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிட்டது. கரண்டியால் தோண்டித் தட்டில் போட்டோம். மத்தியானம் மூன்று மணி, ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டிய ஹால், திரையில் கருப்புக் கருப்பாகத் திட்டுகள். “இனி எந்து செய்யும்?” என்று பிஜு தலையில் கைவைத்தான். ஷெரின் குச்சியைத் தட்டித் தொடங்கிவிட்டாள்.

நாலாவது நிமிஷம், விளக்குச் சூட்டில் ஒரு கட்டியின் ஓரம் இளகி, சிவப்பாக ஒரு கோடு ஓடியது. தேயிலை கிள்ளிவிட்டு நேராக வந்திருந்த பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காலையில் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைக்கிறவர்கள் அவர்கள். எந்தக் கட்டி எப்போது உருகும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. மூடுபனியில் யாரும் கைதட்டவில்லை. கிட்டார் ஊளையிட்டபோது எழுந்த ஒருவரைப் பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். இருபதாவது நிமிஷம் “நிப்பாட்டிராதீங்க, இன்னும் ஒண்ணு கெடக்கு!” என்று ஒரு குரல் வந்தது.

இருபத்திரண்டாவது நிமிஷம் பாட்டு முடிந்தது. முடிந்தேவிட்டது. ஷெரின் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் பிஜுவும் அவள் பக்கம் பார்க்காமல் வயரைச் சுருட்டுவதுபோல் பாவனை செய்தோம். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருத்தி மேடையேறி வந்து, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“எதுக்கு மக்கா அழுதே? அதான் எல்லாம் உருகிருச்சே.”

ஒன்பது வருஷத்தில் எங்கள் பாட்டை முழுசாகக் கேட்ட ஒரே கூட்டம் உட்கார்ந்திருந்தது எண்ணெய்க்காகத்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும், அதை அயர்லாந்தில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஷெரினிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம்.