விசிலுக்கு நிற்கும் டிரைவர்

என் அக்கா இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். டிப்போவில் அவளுக்குப் பெயர் விசில். மேலாளர்கூட "அந்த விசிலை வரச் சொல்லு" என்றுதான் சொல்வார். படியில் தொங்குகிறவன், டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கிறவன், பெண்கள் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிற்கிறவன், எல்லோருக்கும் அவள் வாயே போதும். கையை நீட்ட வேண்டி வந்தது ஒரே ஒரு தடவை. அதற்கு வாங்கிய மெமோவை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று நின்றே அவளுக்குக் காது போய்விட்டது. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் கனத்த குரல் விழும், கீச்சென்ற சத்தம் விழாது. ஊதுகிற விசில் தனக்கே கேட்காமல் போனதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் "முழங்கால் வலி" என்று எழுதினாள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் முழங்கால்தான். அவளோடு ஒரே வீட்டில் இருப்பதால் எனக்கு மட்டும் விஷயம் தெரியும். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், காது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எவனும் தன்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

ஓய்வுக்கு முந்தைய வருஷம் கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ ஒரு கூடையை விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு வான்கோழிக் குஞ்சு. பயணிகள் மறந்துபோன பொருளை டிப்போவில் முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முப்பது நாளும் தீனி போட்டது அக்கா. யாரும் கேட்டு வராததால் பொருள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டிப்போவில் நாள் முழுக்க விசிலைக் கேட்டு வளர்ந்த குஞ்சு அது. ஒரு விசில் ஊதினால் நிற்கும், இரண்டு விசில் ஊதினால் நடக்கும். அதனால் அதற்கு டிரைவர் என்றே பெயர் வைத்து, வீட்டிலும் விசிலாலேயே பழக்கினாள் அக்கா.

ஆண் வான்கோழியால் உரத்த சத்தத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. காலிங் பெல் அடித்தால் கழுத்தை நீட்டிக் கத்தும். குக்கர் விசில் விட்டால் வாலை விசிறியாக விரிக்கும், மொட்டைத் தலை சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும். எனக்கு அது தொல்லை. அக்காவுக்கு அது காது. அதன் கழுத்து நீண்டால் கதவைத் திறப்பாள், வால் விரிந்தால் அடுப்பை அணைப்பாள். நான் வேலைக்குப் போன பிறகு அவளுக்கு எதையும் கேட்டுச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

குடியிருப்புச் செயலாளர் நோட்டீஸ் கொடுத்தார். முப்பது நாளில் பறவையை அப்புறப்படுத்த வேண்டும். கீழே விதி எண் போட்டிருந்தது. நான் அந்த விதியைத் தேடி எடுத்து முழுசாகப் படித்தேன். கடைசி வரியில், 'பதிவு பெற்ற ஆட்டக் கூட்டாளிகள் நீங்கலாக' என்று இருந்தது. மூன்றாம் மாடி பல் டாக்டரின் ஆட்டுக்காகச் சேர்த்த வரி அது. டாக்டர் வருஷா வருஷம் அந்த ஆட்டோடு கூட்டாளி ஆட்டப் போட்டிக்குப் போகிறவர்.

"அக்கா, செயலாளர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம். உடனே விட்டுடுவாரு."

"ஏய், உனக்கு வேற வேலை இல்ல? பல் டாக்டரு ஆட்டைக் கூட்டிட்டுப் போறாருல்ல, நான் டிரைவரைக் கூட்டிட்டுப் போறேன். ஃபாரம் வாங்கிட்டு வா."

போட்டி இப்படித்தான். தரையில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போடுவார்கள். அதற்குள் ஒரு மனுஷர், ஒரு பிராணி. கயிறு, கூண்டு, கையில் தீனி, கருவி எதுவும் கூடாது. வாயும் கையும் மட்டும்தான். பிராணி நேரத்துக்குள் கோட்டைத் தாண்டினால் அதோடு சரி. முதல் சுற்று தோற்றம், இருபது மதிப்பெண். பிராணி தன்பாட்டில் நிற்க, நடுவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். இரண்டாவது கீழ்ப்படிதல். ஆறு கட்டளை, கட்டளைக்கு ஐந்து. மூன்றாவது ஆட்டம், இரண்டு நிமிஷம், ஐம்பது மதிப்பெண். ஆடலாம், நடிக்கலாம், இரண்டு பேரும் சேர்ந்து என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். நூற்றுக்கு ஐம்பது வாங்கினால் பதிவு.

கருவி கூடாது என்றதால் அக்காவின் விசிலுக்கு இடமில்லை. மூன்று வாரம் மொட்டை மாடியில் கையாலேயே பழக்கினாள். கையைத் தூக்கினால் நில், இரண்டு கையையும் வீசினால் நட. டிரைவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் நான் விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். சுற்று தொடங்க நேரக்காப்பாளர் ஒரு விசில் ஊதுவார். முடிய இரண்டு விசில்.

ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். தொடங்கு என்று அவர் ஊதினால் எங்கள் டிரைவர் நின்றுவிடும். முடிந்தது என்று ஊதினால் கிளம்பிவிடும்.

அக்கா நேரே போய்த் தலைமை நடுவரைப் பார்த்தாள். விசிலுக்குப் பதில் மணி அடிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ஒரு வான்கோழிக்காக நாங்க விதியை மாத்தணுமா?" என்றார் அவர்.

"மாத்தினா என்ன சார், கிரீடம் இறங்கிடுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். அவளுக்குத் தெரியாமல் போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். என் அக்காவுக்குக் காது கேட்காது, பறவைதான் துணை, கருணையோடு பார்க்கவும் என்று. மணி அடிப்பார்கள் என்று நினைத்தேன். துரோகம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

போட்டி நாளில் செயலாளர் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் சுற்றில் டிரைவர் யாரையும் மதிக்கவில்லை. நெஞ்சைத் தூக்கி, வாலை விரித்து, மூன்று நடுவர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பதினேழு போட்டார்கள். இரண்டாம் சுற்றில் நான் பயந்ததுதான் நடந்தது. ஒரு விசில். டிரைவர் ஒரு கத்தல் கத்திவிட்டு அப்படியே நின்றது. அக்கா கையை வீசினாள், கெஞ்சினாள், அதட்டினாள். மூன்று வாரப் பழக்கம் மூன்று வருஷ விசிலுக்கு முன்னால் எடுபடவில்லை. 'நில்' என்ற ஒரே கட்டளைக்கு ஐந்து கிடைத்தது.

மூன்றாம் சுற்றுக்கும் அதே விசில். அக்காவுக்கு அது கேட்கவில்லை. டிரைவரின் கழுத்து நீண்டதைப் பார்த்துத்தான் ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். நாங்கள் யோசித்து வைத்த ஆட்டம் எல்லாம் காற்றோடு போயிற்று. பறவை கல்லாக நிற்கிறது. அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, பஸ்ஸில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"வண்டி மக்கர் பண்ணுது. எல்லாரும் இறங்குங்க. என்ன சார் பாக்கறீங்க, உங்களைத்தான். உக்காந்தே போகணும்னா பல்லக்குல போங்க. ஆம்பளைங்க எல்லாம் பின்னாடி போய்த் தள்ளுங்க."

இரண்டு வரிசை ஆட்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்று காற்றைத் தள்ளினார்கள். ஒருவர் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார். "நேத்து ஓசியில வந்ததை மறந்துட்டேன்னு நினைச்சியா?" என்றாள் அக்கா. இரண்டு நிமிஷம் முடிந்து இரண்டு விசில் ஒலித்தது. டிரைவர் கத்திக்கொண்டு, தலை நீலமாக, நடுவர் மேஜையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தது. கூரை அதிரச் சிரித்தார்கள். தலைமை நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. பிராணி அசையாத ஆட்டத்துக்குப் பதினான்குக்கு மேல் கிடையாது என்றார்.

கரும்பலகையில் எழுதினார்கள். பதினேழு, ஐந்து, பதினான்கு. அதற்குக் கீழே இன்னொரு பதினைந்து. கூட்டல் ஐம்பத்தொன்று. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினஞ்சு எதுக்கு சார்?"

"அது கருணை மதிப்பெண்மா. குறைபாடு உள்ளவங்களுக்குத் தர்றது. உங்க தங்கச்சி லெட்டர் போட்டிருந்தாங்க."

கனத்த குரல்காரர். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான் எழுந்து ஏதோ சொல்லப் போனேன்.

"நீ உக்காரு" என்றாள். பிறகு அவரிடம், "அதை அழிங்க."

"அழிச்சா முப்பத்தாறுமா. பறவையை அனுப்ப வேண்டியிருக்கும்."

"தெரியும். அழிங்க."

அவர் அழிக்கவில்லை. அவளே போய் உள்ளங்கையால் துடைத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீம்பு பிடித்தவள், டிரைவர் போய்விட்டால் நாளைக்குக் கதவை எவன் தட்டுகிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வாள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அவள் சுண்ணாம்புக் கையோடு நடுவருக்கு எதிரே நின்றாள்.

"இப்ப நியாயத்தைப் பேசலாம். உங்க ஆளு நில்லுன்னு ஊதினாரு, நின்னுச்சு. போன்னு ஊதினாரு, போச்சு. இதுக்குப் பேரு கீழ்ப்படியாமையா? ரெண்டாவது சுற்றைத் திரும்ப வைங்க. விசிலை நீங்களே ஊதுங்க. எப்ப ஊதுவீங்கன்னு எனக்குச் சொல்லவே வேணாம்."

"நான் ஊதி அது கேட்டா, அது எனக்குத்தானேம்மா கீழ்ப்படியுது? உங்களுக்கு இல்லையே."

"விசில் யாரு ஊதினாலும் பஸ் நிக்கணும் சார். பழக்கினது நான்."

கூட்டத்தில் யாரோ "ஊதுங்க சார்" என்றார்கள். வண்டி தள்ளிய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். மற்ற இரண்டு நடுவர்களும் குனிந்து பேசிக்கொண்டார்கள். மணி கேட்டபோது மறுத்தது தங்கள் தவறுதான் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். தலைமை நடுவர் வேண்டாவெறுப்பாக விசிலை வாங்கினார்.

இரண்டு ஊதினார். டிரைவர் நடந்தது. நல்ல நடையில் இருக்கும்போது ஒன்று. நின்றது. முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு. நடந்தது. ஒன்று. நின்று கத்தியது. ஐந்தாவதை அரைகுறையாக ஊதினார். டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறகைக் கோத ஆரம்பித்தது. ஆறாவதற்கு உட்கார்ந்தே விட்டது. நாலுக்கு இருபது. அதே ஐம்பத்தொன்று. அக்காவுக்கு அந்த ஆறு விசிலில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆறு தடவையும் அவள் பறவையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பதிவு மேஜையில் ஒரு பெண் ஃபாரம் நிரப்பினாள். கூட்டாளியின் பெயர், வயது. பக்கத்தில் செயலாளர் வந்து நின்றார், பல்லைக் காட்டிக்கொண்டு.

"கூட்டாளி என்ன செய்யும்னு ஒரு கேள்வி இருக்கும்மா. நடிப்புன்னு போடட்டுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா அவள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி பதில் சொன்னாள்.

"எனக்குக் காது கேக்காது. இவன் கேட்டுச் சொல்றான். அதைப் போடு."

எழுதுகிற பெண் எழுதினாள். செயலாளருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் குரலை உயர்த்தி, "என்னம்மா இது, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நோட்டீஸே விட்டிருக்க மாட்டோமே" என்றார்.

"அதனாலதான் சொல்லல" என்றாள் அக்கா.