தோட்டா இல்லாத பெல்ட்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பாண்டி பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு தோல் பை வேண்டுமாம். கடைக்குள் நுழைந்ததுமே தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. கடைக்காரர் ஒரு பெல்ட்டை எடுத்துப் போட்டார். புதுசுதான். ஆனால் நூறு வருஷம் பரணில் கிடந்தது மாதிரி வெடிப்பும் வெளுப்புமாக இருந்தது. இதென்ன கேடு என்று கேட்டேன். பழசு மாதிரி செய்துதான் விற்கிறோம் பாட்டி, இப்போது இதற்குத்தான் மவுசு என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. பழைய தோலைப் புதுசாக்க மாதக்கணக்கில் விரலைக் குத்திக்கொண்டவள் நான். தையல் எப்படி என்று பார்க்க நூலை லேசாக இழுத்தேன். சரசரவென்று அவிழ்ந்து கையோடு வந்துவிட்டது. அந்தப் பெண்தான் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

நான் தைத்த பெல்ட் என் அண்ணன் சேவியருடையது. எங்கள் வீடு சாந்தோமில். கோயில் மணி அடித்தால் எங்கள் சமையலறைத் தட்டுகள் அதிரும். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா, அண்ணன், நான், அவ்வளவுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வேட்டைக்குக் கட்டிக் கழித்துப்போட்ட தோட்டா பெல்ட்டை அண்ணன் பழைய சாமான் சந்தையில் பிடித்து வந்தான். அகலமான வார், முன்னால் பித்தளை பக்கிள், சுற்றிலும் தோட்டா செருக இருபத்தைந்து தோல் வளையங்கள். தோட்டாவுக்கு எங்கே போவது? வளையத்துக்கு மூன்று பீடியைச் செருகிக்கொண்டு மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி வருவான். ஆள் வாட்டசாட்டம். பக்கிள் கடைசி ஓட்டையில்தான் மாட்டும். "துப்பாக்கி இல்லாத துரை வர்றாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா" என்பார்கள் அவன் கூட்டாளிகள். அவனும் மெனக்கெட்டு சல்யூட் அடிப்பான். எனக்கு மானம் போகும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போதே சிரித்திருக்கலாம்.

சண்டை வந்ததும் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான். போகிற அன்று பெல்ட்டை ஆணியில் மாட்டி, "அங்க புதுசு குடுப்பாங்க. நீ இத எவனுக்கும் குடுத்துராத" என்றான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பேச வராது, ஏசத்தான் வரும்.

அவன் பட்டாளம் இருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. கடிதம் நின்றது. பிறகு ஆள் இருக்குமிடம் தெரியவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. அந்தக் கோடையில்தான் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. அம்மாவைச் சித்தி திருச்சிக்கு அழைத்துப் போனாள். நான் போகவில்லை. லஸ்ஸில் ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன், போனால் வேலை போய்விடும். அதோடு, அவன் வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டாமா? இதை வீரம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. நாய்கள் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் சோற்றுக்காக உட்கார்ந்திருந்தன. குழாயடியில் நான் மட்டும் நிற்பேன். சண்டை போடக்கூட ஆள் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டைத் தொட்டேன். உப்புக்காற்றில் நூல் இற்று, வளையங்கள் வாடிய காய் மாதிரி தொங்கின. தோலெல்லாம் பூசணம். பக்கிளில் பச்சைக் களிம்பு. லஸ் மூலையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் கையே வைக்கவில்லை. "இன்னாமா இது, பட்டாளத்து சாமான் மாதிரி கீது. போலீஸ்காரன் பாத்தான்னா என்னைத்தான் இஸ்துக்கினு போவான்" என்றார். நான் போட்ட சத்தத்தில் ஒரு குத்தூசியும் இரண்டு ஊசியும் நூலும் கொடுத்து, நீயே தைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். பழைய ஓட்டையிலேயே தைக்க வேண்டும், புதுசாகக் குத்தினால் தோல் கிழியும் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பெல்ட்டைச் சல்லடையாக்கியிருப்பேன்.

பக்கிளைப் புளி போட்டுத் தேய்த்தேன். புளித்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் தோல் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. காப்பி டிகாஷனைத் தடவிச் சரிக்கட்டினேன். சிரிக்காதீர்கள், நிறம் பிடித்தது. பிறகு விளக்கெண்ணெய். நூலுக்கு மெழுகாக, அவனுக்காக அம்மா கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை. விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு இருந்ததால், ஆபீஸ் விட்டு வந்து வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் தையல். முதலில் வாரத்துக்கு இரண்டு வளையம் முடித்தேன். பிறகு ஒன்றுதான். முடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

மழைக்காலத்தில் அம்மா திரும்பி வந்தாள். கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்கள் பெயரைச் சாமியாரிடம் எழுதிக் கொடுப்போம். அப்பா பெயருக்குக் கீழே அம்மா அண்ணன் பெயரையும் எழுதியிருந்தாள். எனக்கு மடியில் இருபதாவது வளையம். சீட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"குடுடி. அவன் ஆத்துமாவாவது இளைப்பாறட்டும்."

"செத்தவனுக்கு யாராவது பெல்ட் தைப்பாங்களா?"

"நீ தச்சா வந்துருவானா?"

"வருவான்."

அம்மா சீட்டை வாங்கி அவன் பெயரை அடித்தாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு, தனியாகவே இருந்துவிடலாம்.

வந்தான். சண்டை முடிந்து, சிறையிலிருந்து விட்ட கூட்டத்தோடு வந்தான். கதவைத் திறந்தவள் நான்தான். அடையாளம் தெரியாமல், யார் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெல்ட்டை எடுத்து அவன் இடுப்பில் கட்டினேன். முதல் ஓட்டையில் மாட்டியும் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து வளையங்களை விரலால் தடவிப் பார்த்தான். "நல்லா தச்சிருக்க" என்றான். ஆணியில் திருப்பி மாட்டிவிட்டான். பீடியும் பிடிக்கவில்லை, கூட்டாளிகளையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஏதாவது பேசு என்று நான் கத்துவேன். கத்தினால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவான்.

நாலு மாதம் இருந்தான். பம்பாய் துறைமுகத்தில் வேலை என்றான். கிளம்பும் அன்று படுக்கையைச் சுருட்டிவிட்டுக் கயிறு தேடினான். கிடைக்கவில்லை. ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்துச் சுற்றினான். அவன் இடுப்புக்குப் பெரிசாக இருந்தது அவன் படுக்கைக்குச் சின்னது. இரண்டு முனையும் தொட்டுக்கொண்டன, பக்கிள் மாட்ட இடமில்லை.

"ஒரு தையல் போட்டுக் குடேன்" என்றான்.

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். குத்தூசியை எடுத்தேன். படுக்கையின் மேல் முழங்காலை ஊன்றி, பழைய ஓட்டையாவது புது ஓட்டையாவது என்று, வந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, மெழுகு நூலை நாலாக மடித்து இழுத்து இழுத்துத் தைத்தேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் அந்தப் படுக்கை வண்டிக்குள் போவதைப் பார்த்தேன். இருபத்தைந்து வளையமும் காலியாக இருந்தன.

ஒரே ஒரு கடிதம் வந்தது. பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதியிருந்தான். கீழே, "உன் தையல் விடவே இல்ல. கத்தியால அறுத்துத்தான் படுக்கையப் பிரிச்சேன்" என்று. பாராட்டித்தான் எழுதியிருக்கிறான். அறுத்த பெல்ட்டை என்ன செய்தான் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் பிறகு வரவில்லை. அம்மாவும் போய்விட்டாள். சாந்தோம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நான் இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். மணிச்சத்தம் இங்கே கேட்காது. குத்தூசி மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் கொஞ்சம் லேசாகத் தைத்திருந்தால், பெல்ட்டை முழுசாகப் பிரித்து எடுத்து, பம்பாயில் ஏதோ ஓர் ஆணியில் மாட்டியிருப்பான்.